எக்ஸ் காலையில் மட்டும் தப்புகிறது

10.12.2012, திங்கள்

மழை விட்டு மூன்று நாள். குலசேகரத்தில் காலைக் குளிர் தொடங்கியாயிற்று, போர்வையை விட மனசில்லை. 5.40-க்கு வீட்டுப் பின்னால் உள்ள பட்டறைப் புரையைத் திறந்தேன்.

பழுது எழுதும் நோட்டு, உலோகம் குடையும் மில்லிங் மெஷின் பக்கத்தில் தொங்குகிறது. அதை என் கூட்டாளி வில்சனும் புரட்டுவான். அதனால்தான் இந்த டைரி. இது அலமாரியில், என் பேன்ட்களுக்கு அடியில் இருக்கும்.

நடந்தது: நாங்கள் செய்யும் கையளவு மாதிரி நீராவி இன்ஜினுக்கு சிலிண்டர் மூடி. அலுமினியத் தகடு, வட்டமாக ஆறு துளை. மூன்று துளை சரி. நாலாவதிலிருந்து எக்ஸ் பக்கம் 0.4 மி.மீ. நகர்ந்து போயிற்று. அதாவது மேசை இடம் வலமாகப் போக வேண்டிய தூரம் போகவில்லை. முன்னும் பின்னும் போகிற ஒய் பக்கம் சுத்தம். தகடு குப்பைக்கு.

மாலை 6.30. அதே புரோகிராம், அதே தகட்டின் மறுபாதி. ஆறு துளையும் கச்சிதம்.

காலையில் தப்பு, மாலையில் சரி. இரும்புக்கு நேரம் பார்க்கத் தெரியாது. மனுஷனுக்குத்தான் தெரியும்.

12.12.2012, புதன்

இன்றும் காலை 0.35 தப்பு. மாலை சரி.

சந்தேகப் பட்டியல்:
கரண்ட். கட் ஆகி வரும்போது வோல்டேஜ் ஆடுகிறது. ஆனால் மாலையில் இன்னும் மோசமாக ஆடுகிறது, அப்போது வேலை சுத்தம். அடித்தாயிற்று.
தகடு விற்ற கடைக்காரன். முகத்தைப் பார்த்தால் பழைய பாத்திரத்தை உருக்கி விற்பவன் மாதிரி. ஆனால் ஒரே தகடு. அடித்தாயிற்று.
மோட்டாரைத் திருகுத் தண்டோடு இணைக்கும் கப்ளிங்கின் ஸ்குரு. முறுக்கிப் பார்த்தேன், இறுக்கம்.
பக்கத்து வீட்டுப் பம்ப் செட். காலையில் ஓடுவதில்லை. ஆனாலும் ஒரு கண் வைக்க வேண்டும்.

புரைக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், அரைஞாணில் கட்டாத குறை. மற்றது வில்சனிடம். திருவட்டாறுக்காரன், வயரிங் வேலை. சீனாவிலிருந்து வந்த இந்தக் குட்டி மில்லிங் மெஷினின் கைச்சக்கரங்களைக் கழற்றி, மோட்டார் பூட்டி, பழைய கம்ப்யூட்டரோடு சேர்த்தது நாங்கள் இரண்டு பேரும். இரும்பு என் பொறுப்பு, வயர் அவன் பொறுப்பு. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே போயின. நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் நேரம், மதியத்தில், அவன் வேலை இல்லாவிட்டால் வந்து வயரைப் பிரிப்பான், சேர்ப்பான்.

அவனை நான் பட்டியலில் எழுதவில்லை. சாவியைப் பற்றித்தான் எழுதினேன்.

வீட்டுக்காரி லில்லி, தன் தையல் மெஷின் காலையில் கனக்கிறது என்கிறாள், மிதித்தால் சுற்ற மாட்டேன் என்கிறதாம். எனக்கு என் மெஷின் கவலை. பிறகு பார்க்கிறேன் என்றேன்.

14.12.2012, வெள்ளி

எக்ஸ் மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டையும் ஒய் டிரைவரையும் மாற்றி மாட்டினேன். கோளாறு கூடவே போகவில்லை, எக்ஸிலேயே நின்றது. ஆகவே வயரில் இல்லை, இரும்பில். இரும்பு என் பொறுப்பு. இதை யோசித்து யோசித்து பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டேன்.

மாலையில் தகர மூடியைத் தூக்கி, மேசையை இடம் வலமாக நகர்த்தும் திருகுத் தண்டை, எக்ஸ் ஸ்குருவைப் பார்த்தேன். பளபளப்பு. நல்ல எண்ணெய். நவம்பர் மழையில் துருப்பிடித்ததைத் தேய்த்து எடுத்து ஸ்பிண்டில் ஆயில் போட்டது, இத்தனை நாள் நிற்கிறதே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஒய் ஸ்குரு மேசைக்கு உள்ளே, கை எட்டாது. அதில் எண்ணெய் காய்ந்திருக்கும். ஆனால் தப்பு வருவது அதில் இல்லை.

கைக்கு எட்டுகிற ஸ்குருவில்தான் கோளாறு. இதைக் கவனிக்க வேண்டும்.

புரைக்குள் தேங்காய் எண்ணெய் வாசனை. வில்சன் தலையில் அரைக் குப்பி கவிழ்ப்பவன். அப்படியானால் இன்று வந்திருக்கிறான். பழுது நோட்டில் வந்ததாக எழுதவில்லை. ஏன் எழுதவில்லை?

17.12.2012, திங்கள்

காலை 0.4. குளிர் இன்னும் கூடுதல். ரப்பர் வெட்டப் போகிறவர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு போனார்கள்.

சந்தையில் சாயாக் கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டார், வில்சனுக்கு மஸ்கட் விசா வந்தாச்சில்லியா என்று. எனக்குத் தெரியாது. தெரியும் என்று தலையாட்டினேன். பாதிச் சாயாவோடு எழுந்து வந்தேன்.

இரண்டு வருடமாக ஒரே ஸ்பேனரைக் கைமாற்றியவன், விசாவை என்னிடம் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் அன்று சாப்பாட்டு மேசையில் இன்ஜினை ஓட விட வேண்டும் என்று பேசி வைத்தது அவன்தான். போகிறவனுக்கு இன்ஜின் எதற்கு? ஓடாமல் நின்றால், நான் போன பிறகு இவனால் ஒன்றும் முடியவில்லை பார் என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் திட்டமோ?

போன மாதம் பென் டிரைவில் என் புரோகிராம்களை எல்லாம் ஏற்றிக்கொண்டான். "இருக்கட்டும் மக்கா, கம்ப்யூட்டர் போச்சுன்னா வேணுமே" என்றான். அப்போது நல்ல எண்ணமாகத் தெரிந்தது.

19.12.2012, புதன்

சோதனை. நேற்று இரவு பூட்டிய பிறகு கதவு இடுக்கில் ஒரு கறுப்பு நூல் (லில்லியின் நூல்கண்டில் இருந்து, கேட்கவில்லை). காலையில் நூல் அப்படியே. ஆனால் எக்ஸ் 0.38 தப்பு.

வேலைக்குப் போகும்போது மறுபடி நூல். மாலையில் அறுந்து கிடந்தது. ஆனால் எக்ஸ் சரி.

அதாவது யாரும் வராத இரவுக்குப் பிறகு தப்பு. ஆள் வந்த பகலுக்குப் பிறகு சரி. தலைகீழ். ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். பகலில் வந்து ஏதோ வைக்கிறான், அது இரவில் வேலை செய்து காலையில் பலிக்கிறது. கம்ப்யூட்டருக்குள் நேரம் பார்த்து ஓடும் ஏதாவது. வயர்காரனுக்கு இது பெரிய வித்தையா?

எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அடிக்கவில்லை.

புரையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் பக்கத்தில் சாயா டம்ளர். இரண்டு. வில்சன் ஒருத்தன் வந்தால் ஒரு டம்ளர்தானே.

22.12.2012, சனி

எழுத வேண்டுமே என்று எழுதுகிறேன்.

காலையில் எக்ஸ் மேசையின் விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் தூள் தடவினேன். யார் தகர மூடியைத் தூக்கினாலும் கை அதில் படாமல் முடியாது. அரை நாள் லீவு போட்டு 3.30-க்கே வந்தேன். வில்சன் புரையில் தனியாக, பேனலுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து வயர் முடுக்கிக்கொண்டிருந்தான். சாக்பீஸ் தூள் கலைந்திருந்தது. மூடியில் எண்ணெய் விரல் தடம். லில்லி சமையலறை வாசலில்.

நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தேதி, அளவு, நூல், டம்ளர், விசா. வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன். விசா என்றதும் அவன் முகம் மாறியது. கிறிஸ்மஸ் அன்றைக்கு இன்ஜின் ஓடின பிறகு சொல்லலாம் என்று இருந்தானாம்.

எக்ஸில் கை வைத்தது யார் என்று கேட்டேன். சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். எழுந்து கையைத் துடைத்தான்.

"நான் செய்தேன்னு வச்சுக்க மக்கா. உனக்கு அது போதுமில்லியா?"

சாவியை வைஸ் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். பைக் கிளம்ப மூன்று உதை. நான் வெளியே போய்ப் பார்க்கவில்லை.

குற்றமில்லாதவன் மறுப்பான். கோபப்படுவான். இவன் இரண்டும் செய்யவில்லை.

23.12.2012, ஞாயிறு

ஆராதனைக்குப் போனோம். பாட்டில் மனம் ஒட்டவில்லை.

திரும்பி வரும்போது லில்லி சொன்னாள், வில்சன் அப்படி ஆள் இல்லை, நீங்கள் பேசியது அதிகம் என்று. பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இவளுக்கு அவன்மேல் என்ன இவ்வளவு கரிசனம்? இரண்டு டம்ளர். மதிய நேரம். நான் வீட்டில் இல்லாத

இதோடு நிறுத்துகிறேன்.

25.12.2012, செவ்வாய்

கிறிஸ்மஸ். இன்ஜின் ஓடவில்லை. மூடி இல்லாத சிலிண்டர் மேசை டிராயரில்.

லில்லி முந்திரிக்கொத்து இரண்டு டின்னில் போட்டிருந்தாள். ஒன்று வீட்டுக்கு. மற்றது ஒவ்வொரு வருடமும் வில்சன் வந்து எடுத்துக்கொண்டு போவது. மதியம் வரை வாசல் பக்கம் பார்த்தாள். டின் அலமாரிமேல் ஏறியது. என்னிடம் கொண்டு கொடுங்கள் என்று கேட்கவில்லை.

கறி நன்றாக இருந்தது. யாரும் சொல்லவில்லை.

27.12.2012, வியாழன்

இரண்டு சாவியும் என் பையில். ஐந்து நாளாக என்னைத் தவிர யாரும் உள்ளே போகவில்லை. காலையில் எக்ஸ் 0.38.

அப்படியானால் போகும் முன்பே உள்ளே எதையோ வைத்துவிட்டான். கம்ப்யூட்டரை முழுக்க அழித்துப் புதிதாக ஏற்றினேன். டிரைவர் பெட்டியைத் திறந்து வயர் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் அவன் பேனாவால் எழுதிய சின்னச் சீட்டு: எக்ஸ் சிவப்பு, எக்ஸ் பச்சை, இது எர்த் தொடாதே மக்கா. அந்த 'மக்கா' என் கண்ணில் குத்தியது. பெட்டியை மூடிவிட்டேன்.

புதிய ஏற்றத்துக்குப் பிறகும் நாளை காலை தப்பினால் என்ன சொல்வது? மூன்றாவது சாவி இருக்கிறது என்றா?

28.12.2012, வெள்ளி

0.4.

மாலை சரி.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியாயிற்று. எலி அப்படியே இருக்கிறது.

30.12.2012, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை 6 மணி, குளித்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் தேடினேன். குப்பியில் தேங்காய் எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டி. கவிழ்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. லில்லி வாங்கி, சுடுதண்ணீர்ச் செம்பில் நிறுத்தினாள். மார்கழியில் எல்லா வீட்டிலும் தினமும் நடப்பதுதான். நாற்பத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

டவலோடு புரைக்கு ஓடினேன். தகர மூடியைத் தூக்கினேன். எக்ஸ் ஸ்குரு முழுக்க மங்கலான வெள்ளை. நெய் உறைந்த மாதிரி, அலுமினியப் பொடியோடு சேர்ந்து பசை. விரலால் வழித்து மோந்தேன். தலைக்கு வைக்கிற அதே எண்ணெய். காலை வெளிச்சத்தில், குளிரில், நான் இதுவரை இந்த மூடியைத் தூக்கிப் பார்த்ததே இல்லை. சோதனை எல்லாம் மாலையில்தான். மாலையில் அது உருகிப் பளபளக்கும். மோட்டார் வேகமாக இழுக்கும்போது பசை பிடித்துக்கொள்கிறது, மேசை அடி தப்புகிறது. வெயில் ஏறினால் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

சுடுதண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை மேசைக்கு அடியில் வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தேன். ஓட்டினேன். ஆறு துளையும் சரி.

யார் போட்டது என்று கேட்க வேண்டிய தேவை இல்லை. குப்பி யார் கையில் இருந்தது என்று பார்த்தேன் அல்லவா, தையல் மெஷினும் காலையில்தான் கனக்கிறது என்றாளே. ஆனாலும் கேட்டேன். கேட்கவில்லை, கத்தினேன். யாரைக் கேட்டுத் தொட்டாய், மெஷினைத் தொடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், உன்னால் எட்டுத் தகடு போயிற்று. ஆராதனைக்குப் புறப்பட்ட சேலையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

பிறகு அவள் சொன்னது:

"மழையில துரு பிடிச்சப்ப நீங்க ரெண்டு நாளு சோறு திங்கல்ல. அதான் தலைக்கு வைக்குற வெளிச்செண்ணெ தொட்டு வச்சேன். எனக்க தையல் மெஷினுக்கு பதினஞ்சு வருஷமா அதுதான் போடுதேன்."

வில்சன் மதியம் வரும்போது சாயா கொண்டு போவாளாம். அவன் வயர் முடுக்குகிற நேரத்தில் இவள் ஒரு பஞ்சை எண்ணெயில் நனைத்து ஸ்குருவைத் துடைப்பாள். சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிடுவாள். எண்ணெய்தானே, நல்லதுதானே என்று அவனும் விட்டிருக்கிறான். வயர்காரன், அவனுக்கு இரும்பு தெரியாது. 22-ம் தேதியும் அப்படித்தான். நான் கேட் திறந்த சத்தம் கேட்டு இவள் சமையலறைக்கு வந்துவிட்டாள். பஞ்சு கையில் இருந்ததாம்.

வில்சனுக்குத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். "நான்தான் சொல்லாண்டாம்னு சொன்னேன்" என்றாள். நீயாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உங்ககிட்டயா?"

அவ்வளவுதான் சொன்னாள். பைபிளை எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போனாள். நான் போகவில்லை.

தையல் மெஷினின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே அதே வெள்ளை. அவள் சொன்னபோதே இதைத் திறந்திருந்தால் 12-ம் தேதியே தெரிந்திருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஸ்பிண்டில் ஆயில் போட்டு வைத்தேன். அவள் வந்து மிதித்துப் பார்த்தாள்.

மாலை. 23-ம் தேதி எழுதியதில் கடைசி இரண்டு வரியை மை வைத்து அடிக்கப் பார்த்தேன். அடித்தால் அந்த இடம்தான் முதலில் கண்ணில் படும். விட்டுவிட்டேன். இருக்கட்டும், எழுதினது நான்தானே. வெட்கமாக இருக்கிறது.

31.12.2012, திங்கள்

லீவு. 9.20 பஸ்ஸில் திருவட்டாறு. மடியில் முந்திரிக்கொத்து டின். லில்லி எடுத்துத் தரவில்லை, நானே அலமாரிமேல் இருந்து எடுத்தேன். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை.

பஸ் முழுக்க மனதுக்குள் பேச்சு தயாரித்தேன். என்னைத் திட்டுவான். சாவியைப் பற்றிக் குத்துவான். அவன் மனைவி காதில் போட்டிருப்பான், அவள் வாசலிலேயே நிறுத்துவாள். கோயில் நிறுத்தத்தில் இறங்கி நடக்கும்போது திரும்பிவிடலாமா என்றும் இருந்தது.

வில்சன் பெட்டியை ஸ்பிரிங் தராசில் தூக்கிக்கொண்டிருந்தான். நாளை மறுநாள் திருவனந்தபுரத்தில் இருந்து விமானம். என்னைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்தான். அவன் மனைவி உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது.

தயாரித்த பேச்சு வரவில்லை. தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அரை நிமிடம் ஆயிற்று. பிறகு தலையில் கை வைத்தான். காலையில்கூட குப்பியை வெயிலில் வைத்துத்தான் தலையில் தேய்த்தானாம். நம் இரண்டு பேர் மண்டையிலும் எண்ணெய்தான், அதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பேசினது தப்பு என்று சொன்னேன். கையைக் காட்டி, விடு என்றான்.

அவன் மனைவி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினான்.

"மைனிய ஏசினியா?"

என்னை, சாவியை, தகட்டை, எதையும் கேட்கவில்லை. லில்லியை அவன் மைனி என்றுதான் கூப்பிடுவான். நான் அவன்மேல் பழி போட்ட அன்று சமையலறைப் பக்கம் பார்த்தானே, அது தப்பிக்க வழி தேடின பார்வை என்று நினைத்திருந்தேன்.

"இல்ல" என்றேன்.

"நல்லது மக்கா. நான் அதத்தான் பயந்தேன்."

உடனே நம்பிவிட்டான். முகம் தெளிந்துவிட்டது. என் கண்ணைப் பார்க்கவில்லை, திருப்பிக் கேட்கவில்லை. நூல் வைக்கவில்லை, சாக்பீஸ் தூள் தடவவில்லை. டின்னைத் திறந்து ஒன்றை வாயில் போட்டு, பெட்டியில் துணிகளுக்கு நடுவே டின்னுக்கு இடம் செய்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நின்றுகொண்டே வந்தேன்.

1.1.2013, செவ்வாய்

புது வருட ஆராதனை முடிந்து வந்து தூங்கவில்லை. எக்ஸ் ஸ்குருவை மண்ணெண்ணெயில் கழுவி, பிரஷ் போட்டு, மெஷின் ஆயில். மேசையைக் கழற்றி ஒய் பக்கமும். காலை 6.10, குப்பியில் எண்ணெய் கட்டி, எக்ஸ் 0.02. சிலிண்டர் மூடி முடிந்தது.

லில்லியிடம் சொன்னேன், வில்சன் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும். மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நம்பிட்டானா?"

நம்பினான் என்றேன். பிசைந்துகொண்டே இருந்தாள்.

நான் உன்னை ஏசினது தப்பு என்றேன். அதற்கும் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, மாவில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.

வில்சன் வைத்துவிட்டுப் போன சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். மெஷின் ஆயில் குப்பியை அதற்குக் கீழே வைத்தேன். இரண்டும் உனக்கு, மெஷினைத் தொடலாம் என்று சொன்னேன். சரி என்றாள்.

11 மணி. சாவி ஆணியில்.
மதியம் 2. ஆணியில். இன்ஜினைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், புரைக் கதவு திறந்தே இருக்கிறது.
4.15. ஆணியில். அவள் இரண்டு தடவை அந்தப் பக்கம் போனாள்.
6 மணி. இன்ஜின் ஓடியது, ஒரு நிமிடம் போல. கூப்பிட்டேன். வாசல் வரை வந்து பார்த்தாள். உள்ளே வரவில்லை.
7.30. ஆணியில்.